எழுபத்தெட்டுக் கிலோவுக்கு எத்தனை கிராம்

அக்குறணை
24.06.2024

அன்புள்ள தம்பி ஹாதிக்,

அஸ்ஸலாமு அலைக்கும்.

என் அழைப்பை நீ எடுப்பதில்லை. வட்ஸ்அப்பில் உன் படமும் தெரிவதில்லை. என்னைத் தடுத்து வைத்திருக்கிறாய் என்று உன் மச்சான்தான் பார்த்துச் சொன்னார். அதனால் தபாலில் எழுதுகிறேன். கிழித்துப் போடுவதென்றாலும் கையில் எடுத்துத்தானே கிழிக்க வேண்டும்.

பெருநாளன்று உன் புரோட்டீன் பவுடர் பேணியைக் குசினியில் பாத்திரம் கழுவுகிற தொட்டியில் கொட்டியது நான்தான். உன் கூட்டாளிகள் இரண்டு பேர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்களுக்கு முன்னால் செய்ததற்கு மன்னித்துக்கொள். கொட்டியதற்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன்.

நீ மறந்துவிட்டது போல் நடக்கிறாய். எனக்கு மறக்க வழியில்லை. ஐந்து வருடங்களாக என் வயிற்றுக்குள் வேலை செய்கிற சிறுநீரகம் உன்னுடையது. உன்னிடம் மிச்சம் இருப்பது ஒன்றே ஒன்று. அந்த ஒன்றைத்தான் நீ கரண்டி கரண்டியாகப் பவுடர் போட்டுத் தேய்க்கிறாய்.

புரதம் என்றால் என்னவென்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒப்பரேசனுக்கு முன்னால் எத்தனை வருடம் அதை அளந்து அளந்து சாப்பிட்டேன்! ஒரு முட்டையில் ஆறு கிராம். உள்ளங்கை அளவு சூரை மீன் துண்டில் இருபத்தைந்து. கோழியிலும் ஏறக்குறைய அவ்வளவுதான். உம்மா எல்லாருக்கும் மீன் பரிமாறும்போது என் துண்டை மட்டும் பாதியாக வெட்டுவா. நீ பார்த்திருக்கிறாய்.

ஒரு மனிதனுக்கு ஒரு கிலோ உடம்புக்குப் பூச்சியம் தசம் எட்டுக் கிராம் போதும். நீ எழுபத்தெட்டுக் கிலோ. பெருக்கிப் பார்த்தால் அறுபத்திரண்டு கிராம். பெருநாள் காலையில் நீ ஒரே இருப்பில் சாப்பிட்ட முட்டையும் குடித்த கலவையுமே அதைத் தாண்டிவிட்டன. பகல் சாப்பாட்டை நான் கணக்கில் எடுக்கவே இல்லை.

பதில் எழுது. திட்டியாவது எழுது.

உன் ராத்தா
முஸ்பிறா


கல்முனை
03.07.2024

ராத்தாவுக்கு,

ஸலாம். திட்டச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்கள், அதனால் எழுதுகிறேன். கடிதத்தில் ஒரு வசதி, நான் கதைக்கும்போது நீங்கள் குறுக்கே விழ ஏலாது.

உங்கள் அறுபத்திரண்டு பிழை. அது நாள் முழுக்கக் கதிரையில் இருக்கிற ஆளுக்குச் சொல்கிற ஆகக் குறைந்த அளவு. நான் கதிரையில் இருக்கிறவன் இல்லை. பகலில் வயரிங் வேலை, ஏணியில் ஏறி இறங்குகிறேன். பின்னேரம் ஜிம்மில் பாரம் தூக்குகிறேன். பாரம் தூக்கும்போது தசை நார்கள் நுணுக்கமாகக் கிழியும். பிறகு உடம்பு அதைத் தைத்து முன்பை விடத் தடிப்பாக்கும். தைக்கிற நூல் புரதம். வழமையாகப் பயிற்சி செய்கிறவனுக்குக் கிலோவுக்கு ஒன்று தசம் இரண்டிலிருந்து ஒன்று தசம் ஆறு வரை வேண்டும், சிலருக்கு இரண்டு. இது நான் கண்டுபிடித்ததில்லை. எங்கே கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள்.

உங்கள் சிறுநீரக வருத்தத்தின் அளவுகோலை எடுத்து வந்து என்னை அளக்காதீர்கள். நான் நோயாளி இல்லை.

உண்மையைச் சொன்னால் நான் எடுப்பது அதையும் விடக் கூட. எங்கள் பயிற்சியாளர் குணம் அண்ணன், "ஒனக்கு நூத்தி இருவத்தஞ்சு தாராளம் தம்பி, அதுக்கு மேல போறது வீண்" என்றுதான் சொன்னார். இருநூற்று முப்பதுக்கு ஏற்றியது நான். ஏன் என்று கேட்பீர்கள். மற்றவனுக்கு இரண்டு இருக்கிறது, எனக்கு ஒன்று. அவன் செய்வதைப் போல நான் இரண்டு மடங்கு செய்தால்தான் அவனுக்குப் பக்கத்தில் நிற்கலாம் என்று நினைத்தேன். சிரிக்காதீர்கள்.

வீட்டில் எனக்கு என்ன நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா? காஸ் சிலிண்டர் முடிந்தால் உம்மா பக்கத்து வீட்டுப் பொடியனைக் கூப்பிடுகிறா. நான் வாசலில் நிற்கிறேன். "டேய், நீ தூக்காத, ஒனக்கு ஏலா" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரிச் சொல்கிறா. அரிசி மூட்டை வந்தால் கடைக்காரன் உள்ளே கொண்டு வந்து வைக்கிறான். அன்றைக்கு ஜிம்மில் நூற்றறுபது கிலோவை நிலத்திலிருந்து தூக்கிவிட்டு வந்து, வீட்டில் அரிசி மூட்டைக்கு வழி விட்டு நின்றேன்.

பவுடர் வேறு வாங்கிவிட்டேன். அதைப் பற்றி இனி எழுத வேண்டாம்.

ஹாதிக்


அக்குறணை
11.07.2024

தம்பி ஹாதிக்,

அஸ்ஸலாமு அலைக்கும்.

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போனேன். அங்கே சாப்பாட்டு முறை சொல்லித் தருகிற பஸ்மிலா மிஸ் கல்முனைக்குப் பக்கத்து நிந்தவூர்ப் பிள்ளை. நம்மூர்க் கதையைக் கேட்டாலே முகம் மலர்ந்துவிடும். அவவிடம் உன்னைப் பற்றிச் சொன்னேன். இருபத்தொன்பது வயது, எழுபத்தெட்டுக் கிலோ, கிழமையில் ஐந்து நாள் பாரம் தூக்குகிறான், அறுபத்திரண்டு கிராம் போதும்தானே என்று கேட்டேன்.

"போதாது ராத்தா" என்றா. "பயிற்சி செய்ற ஆள அறுவத்திரண்டுல வெச்சா ஒடம்பு தன்ட தசையையே தின்னத் தொடங்கிரும். தம்பி சொன்னதுதான் சரி."

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. நீ சரி. நான் பிழை. எழுதியே தருகிறேன், வைத்துக்கொள்.

ஆனால் அதோடு எழும்பி வரவில்லை. "அவனுக்குக் கிட்னி ஒண்டு" என்று சொன்னேன். பஸ்மிலா எழுதிக்கொண்டிருந்த பேனையைக் கீழே வைத்தா.

"அத ஏன் முதல் சொல்லல்ல? அப்ப கணக்கு வேற."

அவ சொன்னதை அப்படியே எழுதுகிறேன். ஒரு சிறுநீரகத்தோடு நன்றாக வாழலாம். உடற்பயிற்சி தாராளமாகச் செய்யலாம். ஒரு கிலோவுக்கு ஒன்றிலிருந்து ஒன்று தசம் இரண்டு வரை, அதுவும் இரத்தம் சோதித்துப் பார்த்து டொக்டர் சரி என்று சொன்ன பிறகு. அதாவது உனக்குக் கூடினால் தொண்ணூற்று நான்கு கிராம். அதைப் பவுடரில் தேட வேண்டியதில்லை. காலையில் இரண்டு முட்டையும் அவித்த கௌப்பிப் பயறும், பகலில் ஒரு துண்டு மீனும் பருப்பும் சோறும், பின்னேரம் ஒரு கோப்பை தயிர், இரவில் ஒரு துண்டு கோழியும் ரொட்டியும். ஒரே தடவையில் அள்ளிப் போடாமல் நாளுக்குள் பிரித்துச் சாப்பிட்டால் தசைக்கு அதுவே நல்லதாம். இருநூற்று முப்பது சாப்பிட்டால் மிச்சம் தசையாகாது. உடம்பு அதை உடைத்துக் கழிவாக்கும், அந்தக் கழிவை வெளியேற்றுகிற வேலை உன் ஒன்றின் தலையில் விழும்.

பிறகு அவ இரண்டு கேள்வி கேட்டா. எனக்குப் பதில் தெரியவில்லை. ஒன்று, நோவுக்குக் குளிசை ஏதும் போடுகிறானா? மற்றது, போட்டிக்கு நிறை குறைக்கத் தண்ணீரை நிறுத்துகிறானா? "புரதத்த விட இதுதான் எனக்குப் பயம்" என்றா.

என்னுடைய கேள்வி ஒன்றும் இருக்கிறது. உனக்கு ஒன்றுதான் இருக்கிறது என்று அந்தக் குணம் அண்ணனுக்குத் தெரியுமா?

முஸ்பிறா


கல்முனை
29.07.2024

ராத்தா,

அஸ்ஸலாமு அலைக்கும்.

பிழை என்று ஒத்துக்கொண்டு எழுதியிருந்தீர்கள். நம் வீட்டில் யாரும் எனக்கு அப்படிச் சொன்னதில்லை. அதற்காகத்தான் மறைக்காமல் எழுதுகிறேன்.

குணம் அண்ணனுக்குத் தெரியாது. ஜிம்மில் யாருக்கும் தெரியாது. விலாவில் இருக்கிற தழும்பைக் கேட்டால் கல்லு எடுத்த ஒப்பரேசன் என்று சொல்லி வைத்திருக்கிறேன். தெரிந்தால் அவர் என்னைப் பாரம் தூக்குகிற கம்பியைத் தொட விட மாட்டார்.

ஆகஸ்ட் பத்தாம் திகதி சனிக்கிழமை அம்பாறையில் மாகாணப் பாரம் தூக்கும் போட்டி. எழுபத்து நான்கு கிலோப் பிரிவில் இறங்குகிறேன். அதில் நின்றால் எனக்கு முதலிடம் வரலாம். அடுத்த பிரிவு எண்பத்து மூன்று, அதில் இருப்பவர்கள் மாடு மாதிரி. ஆகவே நான்கு கிலோ இறக்க வேண்டும். கடைசி இரண்டு நாள் தண்ணீரை நிறுத்தினால் இறங்கிவிடும். எல்லாரும் செய்வதுதான். நிறை பார்த்த பிறகு குடிக்கலாம்.

தோள் நோகிறது. ஓம், குளிசை போடுகிறேன். பாமசியில் கேட்டால் தருகிற சாதாரணக் குளிசைதான்.

ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று கேட்க முதல் சொல்லிவிடுகிறேன். ஜெனூபா வீட்டுச் சம்பந்தம் ஏன் முறிந்தது என்று உம்மா உங்களுக்கு என்ன சொன்னா? நாள் சரிவரவில்லை என்றுதானே? பொய். அன்றைக்கு நான் மாமாவோடு அவர்கள் வீட்டு முன் அறையில் இருந்தேன். எனக்கு ஊற்றிய பலூடா கையில் இருந்தது. ஜெனூபாவின் வாப்பா உள்ளே போய் யாரிடமோ சொல்கிறார், திரைச்சீலைக்கு அந்தப் பக்கம்: "பொடியன் நல்ல பொடியன்தான். ஆனா அர ஆளுக்கு என்ட மகளக் குடுக்கச் சொல்றீங்களா?"

அரை ஆள்.

பலூடாவைக் குடித்து முடித்தேன், ராத்தா. வைத்துவிட்டு எழும்பினால் கேட்டது தெரிந்துவிடும் என்று கடைசி மிடறு வரை குடித்தேன். அடுத்த கிழமை ஜிம்மில் சேர்ந்தேன்.

ஒரு தடவை, ஒரேயொரு தடவை, இந்த ஊர் என் பெயரை வேறு மாதிரிச் சொல்ல வேண்டும். பிறகு நீங்கள் சொல்கிற தொண்ணூற்று நான்குக்கு இறங்குகிறேன். வாக்குத் தருகிறேன்.

ஹாதிக்


அக்குறணை
04.08.2024

ஹாதிக்,

இதைத் தபாலில் போட்டால் பிந்திவிடும். கண்டியிலிருந்து கல்முனை போகிற பஸ்ஸில் கொண்டக்டரிடம் கொடுத்து விடுகிறேன். உம்மா ஸ்டாண்டில் வந்து வாங்குவா.

பஸ்மிலா மிஸ்ஸிடம் உன் கடிதத்தில் இருந்த இரண்டு பந்தியை வாசித்துக் காட்டினேன். அவ கதிரையை விட்டே எழும்பிவிட்டா. "ராத்தா, தண்ணி இல்லாத ஒடம்புல இந்த நோவுக் குளிச கிட்னிக்குப் போற ரத்தத்தச் சுருக்கிரும். ரெண்டு இரிக்கிறவனே விழுவான். இவர நிப்பாட்டுங்க."

ஜெனூபாவின் வாப்பா சொன்னது எனக்கு இவ்வளவு நாளும் தெரியாது. அந்த மனிதனின் முகத்துக்கு நேரே நின்று கதைக்க வேண்டும் போல் இருந்தது. ஆனால் அவருக்காகவா நீ சாகப் போகிறாய்? நீ கிண்ணம் வாங்கினால் அவர் வந்து கை கொடுப்பாரா?

எண்பத்து மூன்றில் இறங்கு. கடைசியாக வா. பத்தாவதாக வா. இல்லாவிட்டால் போகாதே. குளிசையை இன்றைக்கே நிறுத்து. தண்ணீர் குடி.

நீ நிறுத்தவில்லை என்றால் குணம் அண்ணனுக்கு நான் சொல்வேன்.

ராத்தா


கல்முனை
06.08.2024

கிடைத்தது.

குணம் அண்ணனின் காதுக்கு ஒரு சொல் போனாலும் எனக்கு ராத்தா என்று ஒருவர் இல்லை. நான் உங்களுக்கு எதையும் சொல்லிக்காட்டியதில்லை. இப்போதும் சொல்லிக்காட்டவில்லை. என்னை விடுங்கள்.

ஹா.


அக்குறணை
18.08.2024

தம்பி,

அஸ்ஸலாமு அலைக்கும்.

வார்ட்டில் நீ கண்ணை மூடிக்கொண்டாய். தூங்கவில்லை, எனக்குத் தெரியும். சின்ன வயதிலும் பொய்த் தூக்கம் தூங்கும்போது உன் இமை இப்படித்தான் துடிக்கும். முகமூடியோடு வாசலிலேயே நின்றேன். என்னை உள்ளே நிற்க வேண்டாம் என்று நேர்ஸ் சொன்னா, கிட்னியை உடம்பு தள்ளாமல் இருக்க நான் போடுகிற மருந்துகளால் கிருமி சுலபமாகத் தொற்றும். அவ சொல்லாவிட்டாலும் உள்ளே வந்திருக்க மாட்டேன். உன் முகம் வராதே என்றுதான் சொன்னது.

நடந்ததை நீ யாரிடமும் அரைகுறையாகக் கேட்க வேண்டாம். நானே சொல்கிறேன்.

உன் இரண்டு வரிக் கடிதம் எனக்கு வந்து சேர்ந்தபோது வெள்ளிக்கிழமை. அதை மேசையில் வைத்துவிட்டு ஜும்ஆ முடியும் வரை அங்குமிங்கும் நடந்தேன். "நீ குணத்துக்குப் போன் எடுத்தாத் தம்பி போயிருவான். எடுக்காட்டியும் போயிருவான்" என்றார் மச்சான். உம்மாவிடம் குணம் அண்ணனின் நம்பரை வாங்கி எடுத்தேன்.

அவருக்கு முதலில் விளங்கவில்லை. "என்ன தங்கச்சி சொல்றீங்க? ஒண்டா? அது கல்லு எடுத்த தழும்பு எண்டுதானே என்னட்டச் சொன்னவர்?" பிறகு, "அவர் நேத்துல இருந்து தண்ணி குடிக்கல்ல. நான்தான் எத்தின கிலோ எண்டு நிறுத்து எழுதி வெச்சன்" என்றார். அந்தக் குரலை என்னால் இன்னும் மறக்க ஏலவில்லை.

ஆஸ்பத்திரியில் முதல் வார்த்தையாக அவர் டொக்டரிடம் "இவருக்கு ஒரு கிட்னிதான்" என்று சொன்னாராம். நீ மயக்கத்தில் இருந்தாய். உம்மா அழுதுகொண்டிருந்தா. அவருக்குத் தெரிந்திருக்காவிட்டால் அதைச் சொல்ல அங்கே யாரும் இருக்கவில்லை.

டயலிசிஸ் தேவைப்படலாம் என்று சொன்ன அன்றைக்கு நான் ஆஸ்பத்திரிக்கு வெளியே மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒன்றே ஒன்றுதான் மனதில் ஓடியது. அவன் எனக்குத் தந்ததை அவனுக்குத் திருப்பித் தர வழியில்லையே. மெஷினோடு எப்படி வாழ்வது என்று எனக்குத் தெரியும். ஊசி குத்துகிற இடம் தெரியும், அந்த நாக்கு வறட்சி தெரியும். எதிரிக்கும் வேண்டாம் அது.

தேவைப்படவில்லை என்று உம்மா நேற்றுச் சொன்னா. அல்ஹம்துலில்லாஹ்.

நான் சொன்னது துரோகம் என்று நீ நினைத்தால் நினை. திரும்பவும் அதே நிலை வந்தால் திரும்பவும் சொல்வேன்.

முஸ்பிறா


கல்முனை
02.09.2024

ராத்தா,

வீட்டுக்கு வந்துவிட்டேன். நன்றி சொல்லி எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். இன்னும் கோபம் இருக்கிறது.

அன்றைய நாளை என் பக்கத்திலிருந்து சொல்கிறேன். வியாழன் பகலோடு தண்ணீரை விட்டேன். மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு கடற்கரையில் ஓடினேன். தோணி இழுத்துக்கொண்டு நின்றவர்கள் வெயிலில் மழைக்கோட்டோடு ஓடுகிற பைத்தியத்தைப் பார்த்துச் சிரித்தார்கள். தோள் தாங்கவில்லை, கூடக் குளிசை போட்டேன். வெள்ளி மாலை சிறுநீர் தேத்தண்ணி நிறத்தில் போனது. பார்த்தேன். பார்க்காத மாதிரி விளக்கை அணைத்தேன். குணம் அண்ணன் விடாமல் எடுத்தார், போட்டிப் பேச்சுத்தான் என்று போனையும் அணைத்தேன்.

சனி காலையில் ஜிம் வாசலில் வேன் நிற்கிறது. எழுபத்து நான்குக்கு வந்துவிட்டேன். பையைத் தூக்கிக்கொண்டு ஏறப் போகிறேன், குணம் அண்ணன் கதவில் கையை வைத்து மறித்தார்.

"நீ வரல்ல."

"ஏன் அண்ணன்?"

"ஒன்ட ராத்தா கதைச்சவ."

அதற்கு மேல் எனக்குக் கண் தெரியவில்லை. அவர் நெஞ்சில் இரண்டு கையாலும் தள்ளினேன். பொடியன்கள் எல்லாரும் பார்க்கிறார்கள். தூஷணம் கூடக் கதைத்தேன். அவர் அசையவில்லை. "அடி. ஏற மட்டும் விடமாட்டன்" என்றார். திரும்ப அடிக்கக் கையை ஓங்கினேன். வாந்தி வந்தது. பிறகு கால் எனக்குச் சொந்தமில்லாத மாதிரிப் போனது. முச்சக்கர வண்டியில் அவர் மடியில் தலை இருந்தது நினைவிருக்கிறது.

வேன் போகவே இல்லையாம். யாரும் அம்பாறைக்குப் போகவில்லை. என்னால் மற்றவர்களுக்கும் போட்டி இல்லாமல் போனது. இதுதான் எனக்கு ஆக வெட்கம்.

இரத்தத்தில் தேங்குகிற கழிவைக் காட்டும் கிரியேட்டினின் ஐந்துக்குக் கிட்டப் போய் இப்போது ஒன்று தசம் ஆறில் நிற்கிறது. முன்பு ஒன்று தசம் இரண்டு. இன்னும் கொஞ்சம் இறங்கலாம், பழைய இடத்துக்கு வராமலும் போகலாம் என்று டொக்டர் சொன்னார். நீங்கள் சந்தோஷப்பட ஒன்றும், நான் சந்தோஷப்பட ஒன்றும் சொன்னார். "புரதம் உங்களை விழுத்தவில்லை. தண்ணீர் இல்லாமையும் குளிசையும்தான் விழுத்தின." இது எனக்கு. "ஆனால் அந்த இருநூற்று முப்பது, விழுந்த ஆளின் முதுகில் ஏற்றிய மூட்டை." இது உங்களுக்கு.

அடுத்த சோதனை வரை என் அளவு கிலோவுக்குப் பூச்சியம் தசம் எட்டு. அறுபத்திரண்டு கிராம். இப்போது உம்மா என் மீன் துண்டைப் பாதியாக வெட்டுகிறா. நேற்றுப் பகல் அந்தப் பாதித் துண்டைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். இப்படியா நீங்கள் அத்தனை வருடம் இருந்தீர்கள்? நான் பக்கத்தில் இருந்து முழுத் துண்டு சாப்பிட்டேன், ஒரு நாளும் கேட்டதில்லை.

ஹாதிக்


அக்குறணை
12.09.2024

அன்புள்ள ஹாதிக்,

அஸ்ஸலாமு அலைக்கும்.

கோபம் இருக்கிறது என்று எழுதினாயே, அது எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா? எனக்கும் இருக்கிறது. ஐந்து வருடங்களாக உன்னோடு கோபப்பட எனக்கு உரிமை இருக்கவில்லை. நீ பிந்தி வந்தாலும், உம்மாவை எதிர்த்துக் கதைத்தாலும், நான் வாயைத் திறந்தால் மாமி, சாச்சி, யாராவது ஒருவர் சொல்வார்கள்: "ஒனக்கு உசிரு தந்தவன்கா. அவனப் போய் ஏசுறியா?" நான் வாயை மூடிக்கொள்வேன். கல்முனையில் வாப்பா எனக்கென்று கட்டித் தந்த வீடு இருக்கிறது. அதை விட்டு இங்கே கிளினிக்குக்குப் பக்கத்தில் வந்து இருப்பதற்கு, கிளினிக் மட்டும் காரணம் என்று நினைத்தாயா? தெருவில் போனால், தம்பியின் கிட்னியோடு போறா என்று பார்க்கிற பார்வை. உன்னை அரை ஆள் என்றார்கள். என்னை ஒன்றரை ஆள் மாதிரிப் பார்த்தார்கள். இரண்டும் பொய்.

பவுடர் பேணியைத் தொட்டியில் கொட்டியபோது, நான் வெறும் ராத்தாவாக இருந்தேன். அவ்வளவு நாளைக்குப் பிறகு.

அறுபத்திரண்டு கிராமுக்குள் ருசியாகச் சாப்பிடலாம். காலையில் ஒரு முட்டை. பகலில் அந்தப் பாதித் துண்டை வறுக்காமல் தேங்காய்ப்பாலில் குழம்பாகக் காய்ச்சினால் ஆணம் கோப்பை நிறையத் தெரியும், மனம் ஏமாறாது. இது எனக்கு யாரும் சொல்லித்தராதது. இரவில் பருப்பைக் கெட்டியாக்காதே. நடக்கலாம், நீந்தலாம். கம்பியைத் தொடுவதை டொக்டரிடம் கேள், என்னிடம் கேட்காதே. நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன், அது பயத்தில் சொல்வது.

குணம் அண்ணனிடம் போனாயா?

ராத்தா


கல்முனை
20.11.2024

அன்புள்ள ராத்தா,

அஸ்ஸலாமு அலைக்கும்.

மழை பிடித்துவிட்டது. வயரிங் வேலை குறைவு, எழுத நேரம் இருக்கிறது.

குணம் அண்ணனிடம் போனேன். இரண்டு தடவை வாசல் வரை போய்த் திரும்பி, மூன்றாம் தடவைதான் உள்ளே போனேன். பொடியன்கள் எல்லாரும் நின்றார்கள். சேர்ட்டைத் தூக்கித் தழும்பைக் காட்டி, இது கல்லு எடுத்ததில்லை, என் ராத்தாவுக்குக் கொடுத்தது என்று சொன்னேன். பாரத்தை வைத்துவிட்டுக் கிட்ட வந்து பார்த்தார்கள். குணம் அண்ணன், "சரி, நிண்டு பாக்காம வேலையச் செய்யுங்க" என்று அவர்களை விரட்டினார். பிறகு என்னிடம், "என்னட்டப் பொய் சொன்னதுக்கு ஒரு மாசம் நிலம் கூட்டு" என்றார். கூட்டினேன்.

போன கிழமை சோதனை. கிரியேட்டினின் ஒன்று தசம் நான்கு. டொக்டர் புரதத்தைக் கிலோவுக்கு ஒரு கிராம் என்று கூட்டியிருக்கிறார். எழுபத்தெட்டுக்கு எழுபத்தெட்டு. பாரமும் தூக்கலாம், மெதுவாக, நிறை குறைக்கிற போட்டி எதுவும் கிடையாது. அது முடிந்துபோன கதை. மனம் நோகத்தான் செய்கிறது.

இதை எழுத வந்த காரணம் வேறு. அதே டொக்டர் போன ஞாயிறு ஓர் ஆளை என்னிடம் அனுப்பினார். வரிப்பத்தான்சேனையிலிருந்து அர்ஹம் என்று ஒரு வயற்காரர், நாற்பது வயது இருக்கும். மூத்தவர் என்பதால் அண்ணன் முறையில் காக்கா என்றே கூப்பிட்டேன். மனைவி அப்ராவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. இவருடையது பொருந்துகிறதாம். கொடுத்த ஆள் ஒருவரை நேரில் கண்டு கதைக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார்.

முன் அறையில் இருந்தார். உம்மா கொடுத்த தேத்தண்ணியைத் தொடவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துச் சுருட்டிக்கொண்டே இருந்தார்.

"தம்பி, நெல்லு மூட்ட தூக்க ஏலுமா?"

"ஏலும் காக்கா. ஆறின பொறகு, டொக்டர் சொன்ன பொறகு. நான் இப்பயும் தூக்குறன்."

"சாப்பாடு?"

"எல்லாம் சாப்பிடலாம். மீன், முட்ட, இறைச்சி எல்லாம், அளவோட. பவுடர் வேணாம். வயல்ல நிக்கக்குள்ள தண்ணி குடிங்க. நோவு வந்தா கேக்காம எந்தக் குளிசையும் போடாதீங்க. அத மட்டும் என்னப் பாத்துப் படிச்சிக்கங்க."

அவர் தலையாட்டினார். வேலை முடிந்தது, எழும்புவார் என்று நினைத்தேன். எழும்பவில்லை. கதவுப் பக்கம் பார்த்தார், உம்மா இல்லை என்று கண்டதும் குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, கோவிச்சிக்காதீங்க. குடுத்ததுக்கு எப்பயாவது கவலப்பட்டிரிக்கீங்களா?"

உண்மையைச் சொல்ல வேண்டும் ராத்தா, இல்லாவிட்டால் அந்த மனிதர் பொய்யை நம்பிக் கத்திக்குக் கீழே போவார். சம்பந்தம் முறிந்ததை நினைத்தேன். காஸ் சிலிண்டரை நினைத்தேன். ஆஸ்பத்திரிக் கட்டிலை நினைத்தேன். எல்லாவற்றையும் ஒன்றன் பின் ஒன்றாக எடுத்துப் பார்த்தேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கோவம் வந்திரிக்கி காக்கா. நிறைய வந்திரிக்கி. உம்மாவோட, ஊரோட, என்ட ராத்தாவோட. ஆனா அவ உசிரோட இரிக்கிறா, கடிதம் எழுதி என்ன ஏசுறா. கவல ஒரு நாளும் வரல்ல."

சொல்லி முடித்த பிறகுதான் அது எனக்கே தெரிந்தது.

அர்ஹம் காக்கா தேத்தண்ணியை எடுத்துக் குடித்தார். ஆறிப்போயிருந்தது. வேறு ஊற்றவா என்று கேட்டேன். வேண்டாம் என்றார்.

தம்பி
ஹாதிக்